சர்க்கரை கரையும்வரை: பெர்க்சன் சொன்ன காலம்

வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிற பழக்கம் எனக்கும் உண்டு. மூன்று நிமிஷப் பேச்சு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும், விஷயம் தெரிந்துவிடும், பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். போன மாதம் அக்கா அனுப்பிய ஒன்றையும் அப்படித்தான் கேட்டேன். "நீ வர முடியலைன்னா பரவாயில்லடா, நாங்க பாத்துக்கறோம்." சரி, பரவாயில்லையாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ராத்திரி வேறு எதையோ தேடும்போது கை பட்டு அதே மெசேஜ் சாதாரண வேகத்தில் ஓடியது. "முடியலைன்னா" என்பதற்கும் "பரவாயில்லடா" என்பதற்கும் நடுவில் ஒரு நிறுத்தம். மூச்சை இழுத்து, ஏதோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு வேறு சொல்லை எடுத்த மாதிரி. நாலு நொடி இருக்கும். காலையில் நான் கேட்டபோது அது இரண்டு நொடியாகி, நெட்வொர்க் தடங்கல் மாதிரி காதைக் கடந்து போயிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு சொல்கூட விடுபடவில்லை. வரிசை மாறவில்லை. பேச்சும் பாதியானது, மௌனமும் பாதியானது, ஆகவே ஒன்றுக்கொன்று உள்ள விகிதம்கூட அப்படியே இருந்தது. கணக்குப்படி எதுவும் தொலையவில்லை. ஆனால் தொலைந்தது.

என்ன தொலைந்தது என்ற இந்தக் கேள்வியைச் சுற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியவர் ஹென்றி பெர்க்சன். 1859-இல் பாரீஸில் பிறந்து 1941-இல் அங்கேயே இறந்தவர், தத்துவம் எழுதி 1927-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் வாங்கியவர். கணிதம் தெரியாமல் கணிதத்தைக் குறை சொன்ன ஆளும் இல்லை. பள்ளி நாட்களில் கணிதப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். 1889-இல் வந்த தன் முதல் புத்தகத்தில் (ஆங்கிலத்தில் Time and Free Will) அவர் சொல்வது இது: உலகில் உள்ள எல்லா அசைவுகளும் திடீரென்று இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வேகமாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள், பூமி சுற்றுவது, கடிகார முள் நகர்வது, எல்லாமே. இயற்பியலின் சமன்பாட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது, அதில் போடுகிற எண்களையும் மாற்ற வேண்டியிருக்காது. ஏனென்றால் அளக்கிற கருவியும் சேர்ந்தே வேகமாகிவிட்டது. ஆனால் அந்த நாளை வாழ்ந்துகொண்டிருக்கிற மனத்துக்கு ஏதோ குறைகிறது என்று தெரியும் என்கிறார். மூளையும் சேர்ந்து வேகமாகிவிட்டால் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனம் என்பது அந்த அசைவுகளின் வரிசையில் இன்னொன்று அல்ல என்று நம்புகிறவர் அவர், அதை ஒப்புக்கொள்ளாதவரை இந்த உதாரணம் பாதி தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும். இருந்தாலும் அவர் விரல் வைக்கிற இடம் சரியான இடம். வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் சமன்பாட்டுக்கு உறைக்காது என்றால், சமன்பாட்டில் காலத்துக்கென்று இருக்கிற அந்த ஓர் எழுத்து எதைத்தான் பிடித்துவைத்திருக்கிறது?

இங்கே ஒரு தவறான புரிதலை ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை காலில் இடறும். "வாழ்ந்து உணர்கிற காலம்" என்று சொன்னதுமே பெரும்பாலானவர்கள், ஓ, பிடித்ததைச் செய்தால் நேரம் போவதே தெரியாது, பிடிக்காததைச் செய்தால் ஒரு நிமிஷம் ஒரு யுகம், அதுதானே என்று முடித்துவிடுவார்கள். அது இல்லை. அது வாசற்படி, வீடு இன்னும் உள்ளே இருக்கிறது. மண்டைக்குள் சரியாக ஓடாத ஒரு கடிகாரம் இருக்கிறது, அது சிலசமயம் வேகமாகவும் சிலசமயம் மெதுவாகவும் போகிறது என்பதல்ல பெர்க்சன் சொல்வது. மண்டைக்குள் இருப்பது கடிகாரமே இல்லை என்கிறார்.

சரி, கடிகாரம் என்னதான் செய்கிறது? அது நேரத்தை அளக்கிறது என்கிறோம். உற்றுப் பார்த்தால், ஒரே சமயத்தில் நடக்கிற இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. முள் மூன்றில் நின்றபோது கதவு திறந்தது, முள் நான்கில் நின்றபோது கதவு மூடியது. இரண்டு சந்திப்புகள். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்? அந்த நடுவிலும் இன்னும் அறுபது சந்திப்புகளைக் குறிக்கலாம், அந்த அறுபதின் நடுவிலும் இன்னும் குறிக்கலாம், ஆனால் எவ்வளவு நெருக்கமாகப் புள்ளி வைத்தாலும் கிடைப்பது புள்ளிகள்தான். இன்றைக்கு இந்தப் புள்ளிகளை நம்ப முடியாத அளவு நெருக்கமாக வைக்கிறோம். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம்-133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,19,26,31,770 அலைவுகள். பள்ளி இலக்கணத்தில் மாத்திரைக்கு என்ன அளவு படித்தோம்? இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். தொல்காப்பியம் வைத்த அளவு அது, நொடி என்ற சொல்லே விரலை நொடிப்பதிலிருந்துதான் வந்திருக்கிறது. சீசியம் துல்லியம், கண்ணிமை துல்லியமில்லை. ஆனால் இரண்டும் செய்கிற காரியம் ஒன்றே: எதையோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யவிட்டு எண்ணுவது.

எண்ணுவது என்ற இந்தச் சொல்லைத்தான் பெர்க்சன் பிடித்துக்கொள்கிறார். ஒரு ஆட்டு மந்தையை எண்ண வேண்டுமானால் ஒவ்வொரு ஆட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட வேண்டும். இது கறுப்பு, அது நொண்டி, இது முட்டும் என்பதெல்லாம் எண்ணிக்கைக்கு ஆகாது. அப்புறம் அவற்றை மனத்துக்குள் பக்கம் பக்கமாக நிறுத்தியாக வேண்டும், ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று இல்லாதபடி. அதாவது எண்ண வேண்டுமென்றால் ஒரு இடம் வேண்டும். ஆடுகளுக்கு இது சரிதான். காலத்தையும் இப்படி எண்ணலாமா?

இதற்கு அவர் கொடுக்கிற உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது எல்லோருக்கும் நடக்கிறது. அவர் எழுதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் எங்கோ ஒரு கடிகாரம் மணி அடிக்கிறது, எழுத்தில் மூழ்கியிருப்பதால் காதில் விழவில்லை. சில அடிகளுக்குப் பிறகுதான் கவனம் திரும்புகிறது. ஆகவே அவர் எண்ணவில்லை. ஆனாலும் கொஞ்சம் பின்னால் போய்த் தேடினால் ஏற்கெனவே நான்கு அடித்துவிட்டது என்று சொல்ல முடிகிறது. எப்படி? அந்த நான்கு ஓசைகளும் நான்கு தனி ஓசைகளாக வரிசையில் காத்திருக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரு சின்ன இசைத்துணுக்கு மாதிரி, தனக்கென்று ஒரு சாயலோடு மனத்தில் தங்கியிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க மனம் ஒன்று என்று போட்டுப் பார்க்கிறது, ஒத்துவரவில்லை. இரண்டு, மூன்று, அதுவும் இல்லை. நான்கு என்றதும் ஆமாம் என்கிறது. எண்ணிக்கை பிறகு வந்தது. முதலில் இருந்தது எண்ணிக்கை இல்லாத ஒன்று, ஆனால் நான்கு அடிக்கும் மூன்று அடிக்கும் வித்தியாசம் தெரிந்த ஒன்று. எண்ணாமலே வித்தியாசம் தெரிகிற இந்த அடுக்குக்குத்தான் அவர் பிரெஞ்சில் 'த்யூரே' என்று பெயர் வைத்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். யாரோ உங்களிடம் நிதானமாகச் சொல்கிறார்: "நான் உன்னை மறந்துவிட்டேன்..." இந்த இடத்தில் உங்கள் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. அவர் தொடர்கிறார்: "...என்று நினைக்காதே." கடைசியில் வந்த இரண்டு சொற்கள் முதல் மூன்றுக்குப் பக்கத்தில் போய் அமைதியாக உட்காரவில்லை. பின்னால் போய் முதல் மூன்றையும் வேறாக்கிவிட்டன. "மறந்துவிட்டேன்" என்ற சொல் இப்போது நீங்கள் கேட்டபோது இருந்த சொல் இல்லை. அதே சமயம், அது வலித்ததும் பொய்யில்லை, அந்த வலி வாக்கியத்தின் ஒரு பகுதியாகவே தங்கிவிட்டது, அதனால்தான் அந்த ஆறுதலுக்கு அவ்வளவு கனம். வினைமுற்றைக் கடைசியில் வைத்துப் பேசுகிற நாம் நாள் முழுக்க இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், முன்னது முழுவதையும் கையில் ஏந்திக்கொண்டு, முடிவது எப்படியென்று எதிர்பார்த்துக்கொண்டு. இந்த ஐந்து சொற்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி மேஜையில் பரப்பினால் ஐந்து சொற்களும் அங்கே இருக்கும், நடந்தது மட்டும் இருக்காது.

(கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இதை 4-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே தொட்டுவிட்டார். கடந்தது இப்போது இல்லை, வரப்போவது இன்னும் இல்லை, நிகழ்வதற்கோ அகலமே இல்லை, அப்புறம் நேரம் நீண்டது குறுகியது என்று எதைச் சொல்கிறோம் என்று கேட்டார். மனப்பாடமான ஒரு பாடலைச் சொல்லும்போது எதிர்பார்ப்பு குறையக் குறைய நினைவு கூடுகிறதே, அதுபோல மனம்தான் நீள்கிறது என்று பதிலும் சொன்னார். பெர்க்சனுக்குப் பின் 1905-இல் ஜெர்மன் தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் தன் விரிவுரைகளில் இதே இடத்தை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார்: ஒரு மெட்டைக் கேட்கும்போது இப்போதைய சுரத்தோடு, சற்று முன் ஒலித்தது இன்னும் பிடிபட்டபடியும், அடுத்தது எட்டிப்பார்த்தபடியும் இருக்கிறது. ஞாபகப்படுத்திக்கொள்வது வேறு, இந்தப் பிடி வேறு. ஹுஸ்ஸர்லுக்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.)

த்யூரேவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலேயே பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடுகிறது. 'கால நீட்சி' என்று எழுதலாம், நானும் இனி நீட்சி என்றே சொல்லப்போகிறேன், ஆனால் மனசில்லாமல்தான். நீட்சி என்றதும் நீளம் ஞாபகம் வருகிறது. நீளம் இடத்தின் சொத்து. பெர்க்சன் எந்தக் குழிக்குள் விழாதே என்றாரோ அதற்குள்ளேயே அவருடைய சொல்லைப் போட்டு வைக்கிறோம். சரி, வேறு சொல் பார்க்கலாமென்றால், காலத்துக்கென்று நாம் வைத்திருக்கிற சொற்களில் இடம் கலக்காதது மிகக் குறைவு. நெடுநாள், குறுகிய காலம், இடைவெளி. முன்னால் நிற்கிறான் என்றால் இடம், முன்னால் சொன்னேன் என்றால் காலம். பின்னால் வருகிறான், பின்னால் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: 'முன்னொரு காலத்தில்' என்று கடந்துபோனதை நமக்கு முன்னால் நிறுத்துகிறோம், வரப்போவதை 'எதிர்காலம்' என்று நமக்கு எதிரே நிறுத்துகிறோம், ஆக இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன, போதாக்குறைக்கு 'முன்னேறுகிறோம்' வேறு. யாரும் இதில் குழம்புவதில்லை. ஏனென்றால் இது படம்தானே தவிர உண்மையான இடமில்லை என்று எங்கோ தெரிந்தே பேசுகிறோம். தெரிந்தே பேசுகிறவரை ஆபத்தில்லை. காலத்தை ஒரு கோடாக வரைந்து, கோட்டில் ஒரு புள்ளியை 'இப்போது' என்று குறித்து, அப்புறம் அந்தக் கோட்டையே காலம் என்று நினைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தால்தான் சிக்கல்.

கோட்டை வரைந்து கேள்வி கேட்டதில் உலகப் புகழ் பெற்றவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு கிரேக்கர் ஸீனோ. அக்கிலிஸ் ஆமையைப் பிடிக்கவே முடியாது: ஆமை இருந்த இடத்துக்கு அவன் வந்து சேர்வதற்குள் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும், அந்த இடத்துக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்சம். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஒரு இடத்தில் இருக்கிறது, ஒரு இடத்தில் இருப்பது என்றால் நிற்பது, ஆகவே பறக்கும் அம்பு நிற்கிறது. முடிவில்லாத தொடரைக் கூட்டினாலும் முடிவுள்ள தொகை வரலாம் என்று கணிதம் அக்கிலிஸுக்குப் பதில் சொல்லிவிட்டது, அவன் ஆமையை எங்கே எப்போது பிடிப்பான் என்று துல்லியமாகக் கணக்கிடலாம். அதில் பெர்க்சனுக்குச் சண்டையில்லை. அவர் சொல்வது வேறு. அம்பு போன பாதையை எத்தனை துண்டாகவும் வெட்டலாம், ஏனென்றால் பாதை என்பது போன பிறகு கிடக்கிற கோடு. போவதை வெட்ட முடியாது. நடுவில் நிறுத்தினால் அது அதே போவதன் பாதி இல்லை, இரண்டு வேறு வேறு போவதுகள். அக்கிலிஸின் ஒவ்வொரு எட்டும் ஒரு முழு எட்டு. ஸீனோ எட்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புள்ளிகளை வைத்துவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிக்கிறார்.

1907-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு அவர் சினிமாவைக் கூப்பிட்டார். லூமியேர் சகோதரர்கள் பாரீஸில் காசு வாங்கிப் படம் காட்டி அப்போது பன்னிரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சுருளில் இருப்பதெல்லாம் அசையாத படங்கள். அசைவு அந்தப் படங்களில் எதிலும் இல்லை, ஓட்டும் கருவியில் இருக்கிறது. நம் அறிவு உலகத்தை இப்படித்தான் பிடிக்கிறது என்றார், ஓடுகிறதை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்து, அப்புறம் வெளியிலிருந்து ஒரு பொதுவான ஓட்டத்தைச் சேர்த்து. அது தப்பு என்று அவர் சொல்லவில்லை, வேலை செய்ய அதுதான் உதவும். குழந்தை வளர்ந்து பெரியவனாவதைக் குழந்தை, சிறுவன், இளைஞன் என்று மூன்று நான்கு சொற்களில் நிறுத்திவைத்தால்தான் பேசவே முடியும். ஆனால் எந்த நாளில் சிறுவன் இளைஞனானான் என்று கேட்டால் பதில் இல்லாததற்குக் காரணம் நம் கவனக்குறைவு இல்லை.

அதே புத்தகத்தில்தான் அந்தச் சர்க்கரையும் வருகிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குடிக்க வேண்டுமென்றால் என்ன ஆனாலும் அது கரையும்வரை நான் காத்திருந்தாக வேண்டும் என்கிறார். அவ்வளவுதான். இதில் என்ன தத்துவம் என்று முதலில் படித்தபோது எனக்கும் தோன்றியது. ஒருநாள் நிஜமாகவே ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு, கலக்காமல் பார்த்தேன். சர்க்கரைக் கட்டி அடியில் போய் உட்கார்ந்து குட்டிக் குமிழிகளை விட்டது. கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் மழுங்கின. அதிலிருந்து ஏதோ கண்ணாடி நூல் மாதிரி நெளிந்து பரவியது, தண்ணீருக்குள் தண்ணீர் தெரிகிற மாதிரி. ஒரு மூலை சரிந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது, ஆனால் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பினால் கட்டி சின்னதாகியிருந்தது. ஸ்பூனை எடுக்கக் கை பரபரத்தது. அந்தப் பரபரப்புதான் விஷயம்.

தண்ணீர் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரியது என்று கொடுத்தால் எத்தனை நிமிஷத்தில் கரையும் என்று ஒரு கணக்குப் போடலாம். அந்த விடை தாளில் ஒரே அடியாக, முழுசாகக் கிடைத்துவிடும். ஆரம்பமும் முடிவும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அந்தத் தாளில் காத்திருக்க ஒன்றும் இல்லை. ஆனால் தம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் அந்த நிமிஷங்களைத் தாண்டிக் குதிக்க முடியாது, அவற்றை நீட்டவோ சுருக்கவோ அவன் இஷ்டமில்லை, அவனுடைய பொறுமையின்மை எவ்வளவோ அவ்வளவேதான் அந்தக் காலம். எல்லாம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தால், எதிர்காலம் என்பது பிரிக்காத சுருளில் ஏற்கெனவே இருக்கிற படங்கள்தான் என்றால், ஏன் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்துவிடக் கூடாது? ஏன் அடுத்தடுத்து? இது பெர்க்சனின் கேள்விகளிலேயே கடினமானது என்பது என் எண்ணம். அவருடைய பதிலை ஏற்காதவர்கள்கூட இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இப்போது ஓரமாக வைத்த அந்தத் தவறான புரிதலை எடுக்கலாம். 1962 ஜூலை 16 அன்று மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் இறங்கினார். தூங்கத் தோன்றியபோது தூங்கினார், பசித்தபோது சாப்பிட்டார், ஒவ்வொன்றையும் தொலைபேசியில் மேலே இருந்தவர்களிடம் சொன்னார், அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள், அவரிடம் சொல்லவில்லை. செப்டம்பர் 14 அன்று வெளியே வரச் சொன்னபோது அவருடைய கணக்கில் ஆகஸ்ட் 20-தான் ஆகியிருந்தது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணு என்ற சோதனையில், எண்ணி முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா உள்ளே ஓடும் காலம் வேறு என்று பெர்க்சனோடு முடிச்சுப் போடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சிஃப்ர் செய்தது மதிப்பீடு. இருபத்தைந்து நாள் விட்டுவிட்டார் என்று நாம் சொல்வதே மேலே இருந்த நாட்காட்டியை வைத்துத்தான். அது உடம்பின் தாளங்களைப் பற்றி மிகவும் சொல்கிறது, மதிப்பிடும் திறமையைப் பற்றியும் சொல்கிறது. நீட்சி என்பது மதிப்பீடு இல்லை, அதனால் அது தப்பாகவும் முடியாது. குகைக்குள் அவர் 120 எண்ணிய அந்த நேரம் அவருக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது.

பிடித்ததைச் செய்யும்போது நேரம் பறக்கிறது என்பதும் இதே வகைதான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே ஒரு நல்ல முரணைக் குறித்துவைத்தார்: புதுசு புதுசாக ஏதாவது நடக்கிற நாள் கடக்கும்போது குட்டையாகத் தோன்றும், திரும்பிப் பார்த்தால் நெட்டையாக இருக்கும். ஒன்றுமே நடக்காத நாள் கடக்கும்போது நகராது, திரும்பிப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். அப்படியானால் அந்த நாளின் 'உண்மையான உணர்ந்த நீளம்' எது? கேள்வியே தப்பு, நீளத்தைத் தேடுவதால். நீட்சிக்கு நீளம் இல்லை, சாயல் உண்டு. நாலு அடி மணிக்கும் மூன்று அடி மணிக்கும் இருந்த மாதிரி.

இவ்வளவு சொன்ன பிறகு பெர்க்சன் சறுக்கிய இடத்தையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1922 ஏப்ரல் 6 அன்று பாரீஸில் தத்துவச் சங்கக் கூட்டத்தில் ஐன்ஸ்டைனும் அவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஐன்ஸ்டைன் சுருக்கமாக முடித்துவிட்டார்: மனம் உணர்கிற நேரம் ஒன்று, இயற்பியலின் நேரம் ஒன்று, இவற்றைத் தாண்டித் தத்துவக்காரர்களின் காலம் என்று மூன்றாவதாக ஒன்று கிடையாது. பெர்க்சன் அதே வருஷம் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். வேகமாகப் பயணம் போய்த் திரும்பி வருகிறவனின் கடிகாரம் பின்தங்கும் என்பதை அவர் நிஜமாக வாழப்படும் வித்தியாசமாக ஏற்கவில்லை, காகிதத்தில் ஒருவர் இன்னொருவருக்கு ஒதுக்கிக் கொடுக்கிற நேரம் என்று நினைத்தார். அதில் அவர் தோற்றுவிட்டார். 1971-இல் விமானங்களில் சீசியம் கடிகாரங்களை ஏற்றி உலகைச் சுற்றி வந்து ஒப்பிட்டபோது நானோநொடிக் கணக்கில் வித்தியாசம் இருந்தது, கோட்பாடு சொன்ன பக்கத்திலேயே. ஆனால் அன்றைக்கு அவருடைய செல்வாக்கு அப்படி: ஐன்ஸ்டைனுக்கு நோபல் சார்பியலுக்காகத் தரப்படவில்லை, டிசம்பரில் பரிசு வழங்கிப் பேசிய ஸ்வாந்தே அரேனியஸ், பாரீஸின் புகழ்பெற்ற தத்துவவாதி பெர்க்சன் அந்தக் கோட்பாட்டை எதிர்த்திருக்கிறார் என்று மேடையிலேயே குறிப்பிட்டார். ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்குப் பெர்க்சனைப் பிடிக்கவே பிடிக்காது, வாதம் இல்லாமல் உவமையை வைத்தே ஓட்டுகிறார் என்ற ரீதியில் 1912-இல் எழுதினார், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பிரெஞ்சுத் தத்துவவாதி பஷ்லார் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்: நாம் வாழ்கிற காலம் அப்படியொன்றும் அறுபடாத ஓட்டம் இல்லை, கணங்களும் ஓட்டைகளும் நிறைந்தது, தொடர்ச்சி என்பது நாம் முயன்று கட்டுகிறது. எனக்கு ரஸ்ஸலைவிட பஷ்லாரின் ஆட்சேபம்தான் வலுவாகத் தெரிகிறது. அக்காவின் அந்த நாலு நொடியை அவரிடம் கொடுத்தால் ஓட்டை என்பார், பெர்க்சன் அதில்தான் எல்லாம் நடந்தது என்பார்.

இந்த நீட்சி விவகாரம் எல்லாம் எதற்கு என்றால், 1889 புத்தகம் உண்மையில் சுதந்திரத்தைப் பற்றியது. நாம் முடிவெடுப்பதை எப்போதும் ஒரு கவைப் பாதையாக வரைகிறோம். இந்த முனையில் வந்து நின்றேன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் போனேன். அப்புறம் சண்டை: வலப்பக்கம் போயிருக்க முடியுமா முடியாதா? முடியும் என்கிறவர்களும் முடியாது என்கிறவர்களும் அதே படத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். முடிவு எடுத்து முடித்த பிறகு வரைந்த படம் அது. எடுக்கும்போது அங்கே இரண்டு பாதைகள் சும்மா கிடக்கவில்லை, தயங்குகிற ஒருவர் இருந்தார், ஒவ்வொரு தயக்கத்திலும் கொஞ்சம் மாறிக்கொண்டிருந்தார், முதல் தடவை இடப்பக்கத்தை யோசித்தவரும் மூன்றாம் தடவை யோசித்தவரும் அதே ஆள் இல்லை. அப்படியானால் இன்னொருவர் செய்யப்போவதை முன்கூட்டியே முழுசாகச் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்? அவருடைய காரணங்களின் பட்டியல் போதாது, ஒவ்வொரு காரணமும் அவருக்குள் எவ்வளவு கனம் என்பதும் வேண்டும். அந்தக் கனம் அவர் இதுவரை வாழ்ந்தது முழுவதிலிருந்தும் வருவது. அதைச் சுருக்கிக் குறிப்பெடுக்க முடியாது, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டவும் முடியாது. அவர் வாழ்ந்ததை அவர் வாழ்ந்த அளவுக்கே வாழ்ந்து, அந்த நிமிஷத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்துவிட்டால் நீங்கள் அவராகவே ஆகியிருப்பீர்கள், அப்போது நீங்கள் செய்வது முன்கூட்டிச் சொல்வது இல்லை, செய்வது.

படிக்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: அந்த முதல் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். ஆடுகளும் மணியும் அங்கேதான் இருக்கின்றன. முதல் அத்தியாயம் உணர்ச்சிகளுக்கு அளவு உண்டா என்று அந்தக் கால உளவியலாளர்களோடு போடுகிற நீண்ட சண்டை, பிறகு திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். சார்பியலைப் பற்றிய 1922 புத்தகத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.